பாறையில் ஏறிய நீர்மூழ்கியும் இரண்டு சீஃப் ஆஃப் ஸ்டாஃப்களும்: கார்ல்ஸ்க்ரூனா 1981

1981 அக்டோபர் 28, புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில் ஸ்வீடனின் தெற்குக் கரையில் இருக்கும் கார்ல்ஸ்க்ரூனா கடற்படைத் தளத்துக்கு ஒரு தகவல் வந்தது. உள்ளூர் மீனவர்கள் தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்திருக்கிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாறைத்திட்டின் மேல் ஒரு நீர்மூழ்கி ஏறி நிற்கிறது. தளத்தில் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்த நீர்மூழ்கி எதுவும் அந்தப் பக்கம் இல்லை, அந்நிய நீர்மூழ்கி அங்கே வர வாய்ப்பே இல்லை, அப்புறம் எப்படி? சரி, யாராவது போய்ப் பார்க்கட்டும் என்று முடிவானபோது போனவர் சாதாரண ரோந்து அதிகாரி இல்லை. தளத்தின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் (தளபதிக்கு உதவும் ஸ்டாஃப் என்ற அதிகாரிகள் குழுவின் தலைவர்) கார்ல் ஆண்டர்ஷோன், 'ஸ்மீகெ' என்ற சின்ன ரோந்துப் படகில் ஏறி அவரே கிளம்பினார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சோவியத் நீர்மூழ்கியைப் பற்றி எழுதுவார்கள், அணு ஆயுதத்தைப் பற்றி எழுதுவார்கள், பிரதமர் சொன்ன இரண்டு வார்த்தையைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது அந்த ஸ்டாஃப் அதிகாரிதான். ஏனென்றால் ஒரு மூத்த ஸ்டாஃப் அதிகாரி என்ன வேலைக்காக இருக்கிறார் என்பது சாதாரண நாட்களில் வெளியே தெரியவே தெரியாது. அந்தப் பத்து நாளில் தெரிந்தது.

முதலில் பதவி. ஆண்டர்ஷோன் ஸ்வீடன் கடற்படையில் கொமெண்டர்கப்தேன், அதாவது மற்ற கடற்படைகளின் கமாண்டருக்குச் சமமானவர். பொறுப்பு ஸ்டாப்ஸ்ஷெஃப், அதாவது சீஃப் ஆஃப் ஸ்டாஃப். தளத்துக்குத் தளபதி வேறு ஆள், லெனார்ட் ஃபோர்ஸ்மான். கட்டளை அதிகாரம் முழுக்கத் தளபதியிடம். சீஃப் ஆஃப் ஸ்டாஃபுக்கென்று தனியாகக் கப்பல் கிடையாது. உளவுத் தகவல், நடவடிக்கை, விநியோகம், தொலைத்தொடர்பு என்று ஒவ்வொரு பிரிவும் தன் தன் மூலையிலிருந்து அனுப்புவதை ஒன்றாக்கி, தளபதி முன் "இதுதான் நிலைமை, இவைதான் வழிகள், எனக்கு இது சரியென்று படுகிறது" என்று வைக்க வேண்டும். தளபதி முடிவெடுத்ததும் அதை யார், எப்போது, எதைக்கொண்டு செய்வார்கள் என்று எழுத்தில் உத்தரவாக மாற்ற வேண்டும். எந்த மணிக்கு என்ன செய்தி வந்தது, என்ன பதில் போனது என்று நாட்குறிப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கொடுக்கும் உத்தரவுகளெல்லாம் தளபதியின் பெயரில்தான் போகும். சுருக்கமாகச் சொன்னால் அவருடைய இடம் வரைபடத்துக்கும் தொலைபேசிக்கும் பக்கத்தில். படகில் இல்லை.

அப்படியிருக்க ஏன் போனார் என்பதற்குப் பிறகு வருகிறேன். அவர் எங்கே போனார் என்பதைப் பார்த்துவிடலாம்.

கார்ல்ஸ்க்ரூனா 1680ல் கடற்படைக்காகவே உருவாக்கப்பட்ட ஊர். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறு தீவுகள், மொட்டைப் பாறைகள், நடுவே குறுகலான நீர்வழிகள். அந்தத் தீவுக்கூட்டத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்தில் வெளிநாட்டவர் காலடி வைக்கக் கூடாத ராணுவப் பாதுகாப்புப் பகுதி. தளத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கே கோஸெஃபியேர்டென் என்ற விரிகுடா, அதற்குள் தூரும்ஷேர் என்ற பாறைத்திட்டு. அங்கேதான் சோவியத் பால்டிக் கப்பற்படையின் எஸ்-363 மாட்டிக்கொண்டு நின்றது. ஸ்வீடன்காரர்கள் அதை யூ 137 என்று அழைத்தார்கள், இன்றும் அங்கே அந்தப் பெயர்தான். நேட்டோ கணக்கில் 'விஸ்கி' வகை, அதனால் பத்திரிகைகள் கிண்டல் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லாமல் எழுதித் தள்ளின. 76 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை, ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்கள்.

அது பாறையில் ஏறியது முந்தின நாள் இரவு எட்டு மணி சுமாருக்கு. டீசல் எஞ்சின்களை முழு வேகத்தில் ஓட்டி விடுபடப் பார்த்திருக்கிறார்கள், அந்தச் சத்தம் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்திருக்கிறது. ஆனாலும் பதினான்கு மணி நேரம் தளத்துக்கு ஒன்றும் தெரியாது. நாட்டின் பிரதான கடற்படைத் தளத்தின் வாசலில் இப்படி நடந்தால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களில் ஸ்டாஃபும் உண்டு, கண்காணிப்பை வடிவமைப்பதும் அவர்கள் வேலைதான். மீனவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால், கடல் மட்டம் கொஞ்சம் ஏறி நீர்மூழ்கி சத்தமில்லாமல் நழுவியிருந்தால், இந்தக் கதையே இல்லை. ஆண்டர்ஷோனைப் பாராட்டும்போது இதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் சந்திப்பு

ஸ்மீகெ அருகில் போனபோது நீர்மூழ்கியின் கோபுரத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சோவியத் போர்க்கொடி தெளிவாகத் தெரிந்தது. ஆண்டர்ஷோனுக்கு ரஷ்யன் தெரியாது, அவர்களுக்கு ஸ்வீடிஷ் தெரியாது. கடைசியில் கைகொடுத்தது ஜெர்மன். கப்பலின் அரசியல் அதிகாரி வசீலி பெசெடினுக்கு அரைகுறையாக ஜெர்மன் வரும். பால்டிக்கின் இரு கரையையும் சேர்ந்த இரண்டு அதிகாரிகள், இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில், ஒரு வல்லரசுச் சிக்கலின் முதல் வாக்கியங்களைப் பேசிக்கொண்டார்கள். வந்த பதில்: வழி தவறிவிட்டோம், கைரோ காம்பஸ் பழுது, இருக்கும் இடம் தெரியவில்லை. பிறகு ஆண்டர்ஷோன் அந்த நீர்மூழ்கியின் மேலேயே ஏறினார். கேப்டன் குஷ்சினைச் சந்தித்தார்.

இந்த இடத்தில்தான் ஸ்டாஃப் புத்தி வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு கப்பல் கேப்டன் அங்கே போயிருந்தால் அவர் மனசு முதலில் சுற்றிவளைப்பதில் போயிருக்கும், அது தப்பும் இல்லை. ஆண்டர்ஷோன் போனதும் செய்தது விவரம் சேகரிப்பது. எந்தப் பக்கம் தலை திரும்பியிருக்கிறது, எந்த வழியாக வந்திருக்க முடியும், எவ்வளவு ஆழமாக மாட்டியிருக்கிறது, தலைமை யார், அவர்கள் சொல்லும் காரணம் என்ன. இதில் கண்ணால் பார்த்தது எது, அவர்கள் சொன்னது எது என்று பிரித்து வைப்பது முக்கியம். காம்பஸ் பழுது என்பது அவர்கள் சொன்னது. இவ்வளவு குறுகலான நீர்வழிக்குள் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்பது பார்த்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து மேலே அனுப்பியிருந்தால் ஸ்டாக்ஹோம் அன்றைக்கு மாலையே ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

அவர் செய்யாதவற்றையும் கவனிக்க வேண்டும். நீர்மூழ்கியைக் கைப்பற்ற முயலவில்லை. உதவி செய்து விடுவித்து அனுப்பவும் இல்லை, சோவியத் தரப்பு விரும்பியது கிட்டத்தட்ட அதைத்தான். எதையும் வாக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அந்த வாக்குக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, அது அவருக்கே தெரியும். பிற்காலத்தில் பெசெடின் சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்த நிதானத்தின் விலை புரியும்: ஸ்வீடன் படைகள் பலவந்தமாகக் கைப்பற்ற வந்தால் கப்பலை ஆயுதங்களோடு சேர்த்து அழித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்கு வந்த உத்தரவு. சில டார்ப்பிடோக்களில் அணு முனை இருந்ததையும் அவரே பிறகு உறுதிப்படுத்தினார். அக்டோபர் 28 அன்று படகில் நின்றுகொண்டு அரைகுறை ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தவருக்கு இது எதுவும் தெரியாது.

மேலே போகும் ஏணி

ஆண்டர்ஷோன் சொன்னது ஃபோர்ஸ்மானுக்குப் போகும். ஃபோர்ஸ்மானுக்கு மேலே கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் தெற்கு ராணுவப் பகுதியின் தளபதி ஸ்வென்-ஓலோஃப் ஊல்சோன். அவருக்கு மேலே ஸ்டாக்ஹோமில் முப்படைத் தலைமைத் தளபதி லெனார்ட் யுங். அவருக்கு மேலே பிரதமர் தூர்பியோர்ன் ஃபெல்டீன், வெளியுறவு அமைச்சர் ஓலா உல்ஸ்டென். ஒவ்வொரு படியிலும் ஒரு ஸ்டாஃப், ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள். இப்படிப்பட்ட நேரத்தில் கீழ்ப்படியில் இருக்கும் சீஃப் ஆஃப் ஸ்டாஃபின் பாடு திண்டாட்டம்தான். மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், எல்லாருக்கும் ஒரே பதில் போக வேண்டும், பதில் மாறினால் ஏன் மாறியது என்பதும் போக வேண்டும்.

ஸ்டாக்ஹோம் எடுத்த நிலை தெளிவாக இருந்தது. சோவியத் யூனியன் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேப்டன் நீர்மூழ்கிக்கு வெளியே வந்து விசாரணைக்கு உட்பட வேண்டும், மீட்கும் வேலையை ஸ்வீடனே செய்யும், செலவை சோவியத் தரப்பு ஏற்க வேண்டும். நான்கும் காகிதத்தில் அழகாக இருக்கும். தளத்து ஸ்டாஃபுக்கு இதன் பொருள் வேறு: இழுவைப் படகுகள் எங்கே, விசாரணை எந்தக் கப்பலில், மொழிபெயர்ப்பாளர் யார், நீர்மூழ்கியைச் சுற்றி யார் எவ்வளவு தூரத்தில் நிற்பது, உலகம் முழுக்கவிருந்து வந்து குவியும் பத்திரிகையாளர்களை எங்கே நிறுத்துவது.

இதற்கிடையே வெளியே கடலில் வைஸ் அட்மிரல் காலினின் தலைமையில் சோவியத் மீட்புக் குழு வந்து நின்றது, டிஸ்ட்ராயர்களும் ஏவுகணைக் கப்பல்களும் இழுவைக் கப்பலும் சேர்ந்து. ஸ்வீடனின் கடல் எல்லை 12 கடல் மைல், அதுவும் 1979ல்தான் நான்கிலிருந்து பன்னிரண்டாக விரிந்திருந்தது. கப்பல்கள் அந்த எல்லைக் கோட்டை நெருங்கியபோது கரையோரப் பீரங்கிப் படை ரேடார்களை அமைதிக்கால அலைவரிசையிலிருந்து போர்க்கால அலைவரிசைக்கு மாற்றியது. எதிரிலிருப்பவருக்கு அந்த மாற்றம் உடனே தெரியும், தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் செய்தது. போர்க்கப்பல்கள் திரும்பின. இழுவைக் கப்பல் மட்டும் தொடர்ந்து வந்தது, டார்ப்பிடோ படகுகள் எதிரே போய் நின்றதும் அதுவும் திரும்பியது.

அந்தப் பக்கத்து சீஃப் ஆஃப் ஸ்டாஃப்

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆள் இயோசிஃப் அவ்ருகெவிச். நீர்மூழ்கியில் கேப்டன் குஷ்சின் மட்டும் இல்லை, அவரைவிட ஒரு படி மூத்த அதிகாரியும் இருந்தார். நீர்மூழ்கிப் படைப்பிரிவின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். ஆக, கோபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சீஃப் ஆஃப் ஸ்டாஃப், அந்தப் பக்கம் ஒருவர். ஒரே மாதிரி பதவி, ஆனால் நிலைமை தலைகீழ்.

இப்படி மூத்தவர் கூடப் போவது கடற்படைகளில் சகஜம், இளம் கேப்டனுக்குத் துணையாக அனுப்புவார்கள். பிரச்சினை என்னவென்றால், கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான், ஆனால் பக்கத்திலேயே தன் மேலதிகாரி நிற்கும்போது கேப்டன் எவ்வளவு தூரம் கேப்டனாக இருக்க முடியும்? திசை தவறியிருக்கிறது என்று சந்தேகம் வந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்து என்று யார் சொல்லியிருக்க வேண்டும்? வேண்டுமென்றே உள்ளே வந்தார்களா தவறி வந்தார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் எப்படி வந்திருந்தாலும், அந்தக் கப்பலில் இரண்டு தலை இருந்தது. ஸ்வீடன் விசாரணையாளர்களுக்கும் உண்மையில் யார் முடிவெடுத்தார்கள் என்பது பெரிய கேள்வியாக இருந்தது.

ஆண்டர்ஷோனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர் நீர்மூழ்கியின் மேல் நின்றபோதும் ஃபோர்ஸ்மானின் ஆள். யாருடைய வாயாகப் பேசுகிறோம், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த ஸ்டாஃப் அதிகாரி. தனக்கென்று கட்டளை அதிகாரம் இல்லாத ஒரு மூத்த ஆள் சம்பவ இடத்தில் நிற்பது ஒரு பக்கம் பெரிய உதவி ஆனது, இன்னொரு பக்கம் பாரமானது. வித்தியாசம் ஆளின் திறமையில் இருந்ததாக நான் நினைக்கவில்லை, அவர் எந்த ஏற்பாட்டுக்குள் நின்றார் என்பதில் இருந்தது.

நவம்பர் 2

மிக மோசமான நாள் இதுதான். பல நாள் இழுபறிக்குப் பிறகு குஷ்சின் 'வெஸ்டர்வீக்' என்ற ஸ்வீடன் டார்ப்பிடோ படகில் விசாரணைக்கு வந்தார். விசாரணை மணிக்கணக்கில் நீண்டது. கடற்படை அதிகாரி எமில் ஸ்வென்சோன் போன்றவர்கள் வரைபடத்தையும் பதிவேட்டையும் வரி வரியாகக் கேட்டார்கள். இந்த மணிக்கு எங்கே இருந்தீர்கள், அடுத்த திருப்பம் எப்போது, எந்த வேகம். காம்பஸும் மற்ற வழிகாட்டிக் கருவிகளும் பழுதான கப்பல் அந்த வழியில் அத்தனை தூரம் மோதாமல் வந்தது எப்படி என்பதுதான் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி.

விசாரணை நடக்கும்போதே புயல் வந்தது. பாறையில் நின்ற நீர்மூழ்கியை அலை தூக்கித் தூக்கி அடித்தது, உள்ளே இருந்தவர்கள் ஆபத்துச் சமிக்ஞை எழுப்பினார்கள். கேப்டன் இங்கே, கப்பல் அங்கே உடையும் நிலையில். ஸ்வீடன் இழுவைப் படகுகள் போய் அதைப் பாறையிலிருந்து இழுத்து, பாதுகாப்பான இடத்தில் நங்கூரமிட வைத்தன.

அந்த நேரம் பார்த்து ரேடாரில் இரண்டு கப்பல்கள் எல்லையை நோக்கி வருவது தெரிந்தது. சோவியத் குழு உள்ளே புகுகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பீரங்கி நிலைகள் தயார், விமானப்படை தயார். யுங் பிரதமருக்குத் தொலைபேசி போட்டு என்ன செய்வது என்று கேட்டார். ஃபெல்டீன் சொன்னது ஸ்வீடிஷில் இரண்டே வார்த்தை, எல்லையைக் காத்து நில்லுங்கள் என்று. கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்தது, அவை மேற்கு ஜெர்மனியின் சரக்குக் கப்பல்கள்.

பிரதமரின் உறுதியை எல்லாரும் பாராட்டுகிறார்கள், பாராட்டட்டும். ஆனால் சுடாமல் தப்பியது அடையாளம் கண்டுபிடித்ததால்தான். புயலில் ரேடார் திரையில் இரண்டு புள்ளிகள், எல்லாருடைய மனசிலும் ஏற்கெனவே ஒரு பதில், அந்தப் பதிலுக்கு எதிராக "இன்னும் உறுதியாகவில்லை, இன்னொரு முறை பாருங்கள்" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டாஃப் வேலையின் சாரம் இப்படிப்பட்ட அரைமணி நேரங்களில்தான் இருக்கிறது. அதற்கு யாரும் பதக்கம் குத்துவதில்லை.

கதிர்வீச்சு

இதற்குள் இன்னொரு வேலை அமைதியாக நடந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வல்லுநர்கள் நீர்மூழ்கியின் பக்கத்தில் படகை நிறுத்தி, வெளியிலிருந்தே காமாக் கதிர்களை அளந்தார்கள். உள்ளே போக அனுமதி இல்லை, டார்ப்பிடோ அறையைக் காட்ட சோவியத் தரப்பு மறுத்தது. ஆனால் இரும்புச் சுவரைத் தாண்டி வந்த கதிரில் யுரேனியம்-238ன் தடயம் இருந்தது, அதுவும் முன்பக்க டார்ப்பிடோ குழாய் இருக்கும் இடத்தில். நவம்பர் 5 அன்று ஃபெல்டீன் இதைப் பத்திரிகையாளர்கள் முன் சொன்னார், அணு ஆயுதம் இருப்பதாகவே எல்லா அறிகுறிகளும் காட்டுகின்றன என்று. மறுநாள் நீர்மூழ்கி இழுத்துச் செல்லப்பட்டு சோவியத் கப்பல்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கே நேரக் கணக்கைப் பாருங்கள். எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதில் நாட்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். ஊரே பத்திரிகையாளர் கூட்டமாக இருக்கும்போது இந்தச் செய்தி கசியாமல் இருந்ததே ஒரு சாதனை.

போனது சரியா?

சரி, முதலில் விட்ட கேள்வி. ஒரு தளத்தின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் நாற்காலியை விட்டுப் படகில் ஏறலாமா?

பாடப்புத்தகப்படி கூடாது. அவர் இல்லாத நேரத்தில் தளத்துக்குள் வரும் தகவல்களை யார் கோர்ப்பது? அவர் கையில் வரைபடமும் இல்லை, மேலே பேசத் தனி இணைப்பும் இல்லை. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, நேரில் பார்த்தவருக்குத் தான் பார்த்ததுதான் பெரிதாகத் தெரியும். பிறகு அவர் மற்றவர்களின் தகவலைச் சமமாக எடைபோடுவாரா?

ஆனால் அன்றைக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அவர் போனது சரி என்றே எனக்குப் படுகிறது. எது வந்தாலும் அதன் அர்த்தம் என்ன என்று உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அங்கே தேவைப்பட்டார். அந்த நீர்வழிகளில் எது ரகசியம், பக்கத்தில் என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன, தளபதி எதை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்பதெல்லாம் தலைக்குள் வைத்திருந்தவர் அவர். ஒரு இளைய அதிகாரி போயிருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் வானொலியில் திரும்பக் கேட்டிருப்பார், அந்த வானொலியை யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்களோ. ஆனால் முதல் சந்திப்பு முடிந்த பிறகும் அந்தப் பத்து நாளும் அவரே நீர்மூழ்கியின் முகமாக இருந்திருந்தால் அது தவறாகியிருக்கும். அதனால்தான் விசாரணைக்கு வேறு ஆட்கள், அளப்பதற்கு வேறு ஆட்கள் என்று பிரிந்தது நல்லதாயிற்று.

இதன் பிறகு ஸ்வீடன் விதிகள் மாறின. எல்லை மீறல்களில் ராணுவம் எப்படித் தலையிடலாம் என்பதற்கான 1982ஆம் ஆண்டின் 756ஆம் எண் ஆணை, நீருக்கடியில் வரும் அந்நிய நீர்மூழ்கிமேல் ஆயுதம் பயன்படுத்த முன்பைவிட அதிக இடம் கொடுத்தது. 1981ல் ஆண்டர்ஷோன் எதிர்கொண்டது மாதிரி கண்ணெதிரே நிற்கும் நீர்மூழ்கி மறுபடி வரவே இல்லை. 1982 அக்டோபரில் முஸ்கோ தளத்துக்கு அருகே ஹோர்ஸ்ஃபியேர்டெனில் பெரிய தேடல் நடந்தது, வெடிகள் போடப்பட்டன, எதுவும் மேலே வரவில்லை. 1983ல் ஒரு விசாரணைக் குழு சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளைக் கைகாட்டியது, 1995ல் இன்னொரு குழு எந்த நாடு என்று சொல்ல ஆதாரம் போதாது என்றது.

அதிலிருந்து ஸ்டாஃபின் வேலை வேறு மாதிரி ஆனது. ஒலிப்பதிவு, மீனவர் பார்த்தது, யாரோ எடுத்த புகைப்படம் என்று வரும் ஒவ்வொன்றுக்கும் உறுதியானது, அநேகமாக, இருக்கலாம் என்று தரம் போட வேண்டும். 2014 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் தேடல் நடந்தபோது தலைமையகத்தில் நடவடிக்கைப் பிரிவின் துணைத் தலைவராக இருந்த ரியர் அட்மிரல் ஆண்டர்ஷ் கிரென்ஸ்டாட் தினமும் காமிராக்கள் முன் நின்று கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். அடுத்த மாதம் அந்நிய நீர்மூழ்கி வந்தது உறுதி என்று அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் நீர்மூழ்கி என்று சந்தேகிக்கப்பட்ட இன்னொன்று சாதாரண வேலைப் படகு என்பது பிறகு தெரியவந்தது.